ராகு காலத்துக்கு முன்னால் எடுத்த கார்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். ஆலப்பாக்கத்தில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வளையல் தட்டு, பூ, பழக்கூடையோடு ஏறி என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“சக்கரத்துக்கு அடியில வெச்ச எலுமிச்சம்பழம் நல்லாதாங்க நசுங்குச்சு. கார்தான் வழியில நின்னுபோச்சு” என்றாள் அந்த அம்மா.

“மெக்கானிக் தலதலயா அடிச்சிக்கிட்டான். இன்ஜினுக்குக் காத்தடிக்கிற டர்போவ கழட்டி மாட்டி ஆயில் மாத்தியிருக்கேன், ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் சும்மா ஓடவுடுங்க, ஆயில் மேல ஏறாம ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்கன்னான்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?”

“எங்க சொல்ல வுட்ட? பத்தரைக்கு ராகு காலம், எடுங்க எடுங்கன்னு நின்ன. நானும் ஒரே மிதியா மிதிச்சிட்டேன். ஆயில் ஏறாம டர்போ போச்சு.”

“வெள்ளிக்கெழமையாச்சேன்னு பயந்தேங்க. வளைகாப்பு முடிஞ்சதும் புள்ளைய நம்ம வூட்டுக்குக் கூட்டியாரணுமே.”

“மாசமா இருக்கிறவள பஸ்ஸு தூக்கித் தூக்கிப் போடும்னுதான அந்தப் பழைய வண்டியவே வாங்கினேன்.”



“இப்ப மணி என்னங்க?”

“பதினொண்ணு.”

அவள் முந்தானையால் வளையல் தட்டை மூடினாள். அப்போது அவள் செல்போன் அடித்தது.

“வந்துட்டே இருக்கோம்மா... ஆமா, கார்லதான். அப்பா மெதுவாதான் ஓட்றாரு.”

புதுச்சத்திரத்தில் நிறுத்தச் சொல்லி கண்டக்டர் நீளமாக விசில் ஊதினார். புருஷன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அதுவா? பக்கத்துல ஏதோ பஸ்ஸு போவுதும்மா.”