புள்ளி வீட்டுலதான் இருக்கு

இல்லக்கா, கேமரா எப்படி இருந்தாலும் பரவால்ல. நிலாவையெல்லாம் பெருசாக்கிக் காட்டுனீங்க, நல்லாத்தான் இருக்கு. நிலாவுல எனக்கென்ன வேல? நான் கேட்டது வேற. ஐபோன் வச்சிருக்கறவங்க ஆண்ட்ராய்டுக்கு மாறினா, பழைய ஃபோன்ல இருக்கறதெல்லாம் பின்னாடியே வந்துடுமா, வராதா? வரும்னு எவ்வளவு சந்தோஷமா சொல்றீங்க. ஒண்ணு விடாம வருமா. சரி. வராம இருக்கணும்னா என்ன செய்யணும்?

சிரிங்க, பரவால்ல. உங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் எதையும் விட்டுடக் கூடாதுன்னுதான் கேப்பாங்க. விட்டுட்டுப் போகணும்னு கேட்டு வந்திருக்கறது நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

குட்டி, அதை இழுக்காத. பாரு, எல்லா ஃபோனையும் ஒயர்ல கட்டிப் போட்டிருக்காங்க, இழுத்தா கத்தும். குட்டி, சொல்றேன்ல.

கத்திடுச்சு. நிறுத்துங்கக்கா, சீக்கிரம் நிறுத்துங்க. எல்லாரும் பாக்கறாங்க. அப்பாடா. இவ பாருங்க, சிரிக்கறா. நான்தான் எழுந்து நின்னுட்டேன். இல்ல, தண்ணியெல்லாம் வேணாம். ஃபோன் சத்தம்னாலே எனக்கு இப்படித்தான், தூக்கிவாரிப் போடும். இவளை மடியில வச்சுக்கறேன். மூணு வயசாகுது, ஆனா வாய் ஏழு வயசுக்கு இருக்கும். இந்த முயல் பையைக் கழட்டவே விட மாட்டா, தூங்கும்போதும் முதுகுல முயல். அவங்கப்பா வாங்கிக் குடுத்தது.

எக்ஸ்சேஞ்ச் இல்லக்கா. பழைய ஃபோனைக் கொண்டு வரல. மறந்துட்டு வரல, வேணும்னே வச்சுட்டு வந்தேன். அது வீட்டுல இருந்தா நானும் வீட்டுல இருக்கறதா அர்த்தம். அவர் ஃபோன்ல ஒரு மேப் இருக்கு, அதுல நான் ஒரு புள்ளி. நான் நகர்ந்தா அதுவும் நகரும். இப்போ அந்தப் புள்ளி எங்க வீட்டுச் சமையல் மேடையில, மிக்ஸி பக்கத்துல, சமத்தா சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு.

பாதுகாப்புக்குத்தான்னு நானும் ரொம்ப நாள் நம்பினேன். ஒருநாள் மழைக்கு ஒரு பேங்க் வாசல்ல ஒதுங்கினேன். உடனே ஃபோன். அங்க உனக்கு என்ன வேலன்னு கேக்கறார். மழைங்கன்னு சொன்னேன். இங்க பெய்யலையேன்னார். அவர் ஆபீஸ்ல பெய்யலன்னா ஊருக்கே பெய்யக் கூடாது. மறுநாள் வீட்டுக்குப் புதுக் குடை வந்து இறங்குது. எங்கம்மாகிட்ட சொல்லி அழுதேன். எங்கம்மா சொல்றாங்க, உங்கப்பாவுக்கு நான் வீட்டுல இருக்கேனா இல்லையான்னே தெரியாதுடி, உனக்குக் குடை வருது, குடுத்து வச்சவடீங்கறாங்க.

சேச்சே, அடிக்க மாட்டார். குரல் உசத்திக்கூடப் பேச மாட்டார். அதனாலதான் யார்கிட்ட சொன்னாலும் எடுபடல. தேள் கொட்டினா கொட்டின இடத்தைக் காட்டலாம். இதை எங்கன்னு காட்டறது? நான் படிச்ச கான்வென்ட் ஹாஸ்டல்ல வீட்டுல இருந்து வர்ற லெட்டரை சிஸ்டர் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க. அப்ப திட்டித் தீர்ப்போம். ஆனா அவங்க பிரிச்சதை மறைக்க மாட்டாங்க, கிழிச்ச உறையோடதான் குடுப்பாங்க. இவர் பிரிச்சதே தெரியாது.

ராத்திரியானா ஃபோன்ல இருக்கற படமெல்லாம் சாம்பல் பூத்துடும். எதைத் தொட்டாலும் திறக்காது. அவர் நம்பர் மட்டும் போகும். ஏதாவது ஆப் இறக்கணும்னா முதல்ல அவர் ஃபோனுக்கு ஒரு கேள்வி போகணும், அவர் சரின்னு தட்டணும். போன மாசம் இவளுக்குக் காய்ச்சல், உடம்பு அடுப்பா கொதிக்குது. கிளினிக்ல ஆப்புல டோக்கன் போட்டுட்டு வாங்கன்னுட்டாங்க. ஆப்பை இறக்கத் தொட்டேன், அவருக்குக் கேள்வி போச்சு. அவர் மீட்டிங்ல இருந்தாராம். நான் இவ நெத்தியில ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு, அந்த ஸ்க்ரீனையே வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். கடைசியில பக்கத்து வீட்டக்கா அவங்க ஃபோன்ல டோக்கன் போட்டுக் குடுத்தாங்க. சாயங்காலம் வந்தவர் கேக்கறார், அவங்ககிட்ட ஏன் போனே, என்கிட்ட இன்னொரு தடவ கேக்க வேண்டியதுதானேன்னு.

ஆமாக்கா. அது குழந்தைங்களுக்கு வைக்கிற பூட்டுன்னு எனக்கும் தெரியும். எனக்கு எப்படி வந்துச்சுன்னா, அதைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. அப்புறம் சொல்றேன்.

இப்ப நீங்க சொல்லுங்க. இந்தப் பக்கமே இருந்து, புதுசா இன்னொரு ஐபோன் வாங்கி வேற பேர்ல அக்கவுண்ட் போட்டா ஆகாதா? கேக்கறதுக்குக் காரணம் இருக்கு. பழக்கம் ஒண்ணு. இருட்டுலகூட எனக்கு இதுல விரல் போகும். இன்னொண்ணு ஃபோட்டோ. இவ பிறந்ததுல இருந்து எல்லாம் அந்த அக்கவுண்ட்லதான் இருக்கு. முதல் தடவ எழுந்து நின்னது, சோப்பு நுரையைத் தின்னது, எல்லாம். ஒரே ஒரு தடவ உள்ள போய் அதை மட்டும் அள்ளிக்கிட்டு வந்துட முடியாதா?

புது ஃபோன்ல நுழைஞ்சா உடனே அவருக்குச் செய்தி போகுமா. நினைச்சேன். யானை என்னுதுதான்க்கா, அங்குசம் அவர் கையில. எந்தக் கம்பெனி யானையா இருந்தாலும் அந்த அக்கவுண்ட்டோட போனா அதே கதைதான்.

அப்ப ஆண்ட்ராய்டே குடுங்க. ஒண்ணுமே இல்லாத வெறும் ஃபோன். சிம் இருக்கு, இருங்க, இவ சாக்ஸுக்குள்ள வச்சிருக்கேன். காலை நீட்டு குட்டி. காசு கையில இருக்கு, கார்டு வேணாம், கார்டு தேய்ச்சா அவர் ஃபோன்தான் கத்தும். நீங்க இதைப் போட்டு ஃபோனை ஆன் பண்ணி விடுங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.

எங்க போறேன்னு கேக்காதீங்கக்கா. ஒருநாள் இவளைக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டுமான்னு கேட்டேன். டீ குடிச்சுக்கிட்டே சொன்னார், போயேன், எங்க போனாலும் எனக்குத் தெரியும், குட்டி மட்டும் இங்கதான் இருக்கும்னு. அவ்வளவுதான் சொன்னார். டீயைக் குடிச்சு முடிச்சார். கப்பைக் கழுவி வச்சுட்டுப் போனார்.

என்ன தேடறீங்க? சாவிக்கொத்துல மாட்டினா அது இருக்கற இடத்தை ஃபோன்ல காட்டுமே, காசு மாதிரி வட்டமா, அதுவா? அவர் கார் சாவியில ஒண்ணு தொங்கும். என்கிட்ட ஏது? ஓ, உங்க ஃபோனே சுத்திமுத்தித் தேடிச் சொல்லிடுமா. தேடுங்க, தாராளமா. ஹேண்ட்பேக்கைக்கூட நான் எடுத்துட்டு வரல. மாத்துத்துணியும் இவளும்தான். ஒண்ணும் இருக்காது.

இருக்கா? வேற யாருதாவது இருக்கும்க்கா. கடைக்கு எத்தனை பேர் வர்றாங்க. சத்தம் போட வைக்கலாமா? வைங்க, பாக்கலாம்.

இவகிட்ட இருந்து வருது.

குட்டி, திரும்பு. அசையாம நில்லுடா செல்லம். ஆமா, முயல் பாடுது, ஆமா. காதுக்குள்ளயிருந்துதான் வருது. கத்தரிக்கோல் இருக்காக்கா? இல்லடா, முயலுக்கு வலிக்காது, காதுல எறும்பு போயிருக்கு, அம்மா எடுத்து விடறேன். பாருங்க, எவ்வளவு நேர்த்தியா தைச்சிருக்கார். சட்டைக்கு ஒரு பொத்தான் வைக்கத் தெரியாதுன்னு என்கிட்ட தூக்கிப் போடுவார்.

அப்ப எங்களுக்குப் புள்ளி ரெண்டு. நான் மிக்ஸி பக்கத்துல, இவ கடைத்தெருவுல. மூணு வயசுப் பிள்ள தனியா பஸ் ஏறிக் கடைக்கு வந்திருக்கான்னு மேப்புல பாத்துக்கிட்டே இருந்திருப்பார். இந்நேரம் வீட்டுக்கு அடிச்சிருப்பார். அந்த ஃபோன் மேடையில கிடந்து அடிச்சு அடிச்சு ஓஞ்சிருக்கும். அவர் ஆபீஸ் அந்தப் பாலத்துக்கு அந்தாண்டைதான். கிளம்பியிருப்பார்.

இல்ல, உக்காரல. நின்னுக்கறேன். ஃபோட்டோ வேணாம்க்கா, விடுங்க. பிள்ளையே இடுப்புல இருக்கா. வேற எதுவும் செய்ய வேணாம், இந்தப் புது அக்கவுண்ட்டை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க, வழியில எனக்கு இதெல்லாம் வராது. பின்பக்கம் ஒரு கதவு பாத்தேனே, சரக்கு இறக்கறதுக்கா? அது வழியா போனா பஸ் நிறுத்தம் வருமா? நல்லது.

அதை உடைக்க வேணாம். உடைச்சா அப்பவே தெரிஞ்சுடும். இந்தக் கட்டிப் போட்ட ஃபோனுங்களோட அதுவும் இங்கயே கிடக்கட்டும். அவர் வந்து கேட்டா, ஒரு அம்மா விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு கையில குடுத்துடுங்க. தன்மையாத்தான் பேசுவார், பயப்படாதீங்க. எங்க போனான்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க. நிஜமாவே உங்களுக்குத் தெரியாதே. அதுக்குத்தான் சொல்லாம இருக்கேன்.

பேர் போட்டாச்சா? அடுத்து என்ன கேக்குது? பிறந்த தேதியா. இங்க குடுங்க, இதை நான் போடறேன்.

அப்புறம் சொல்றேன்னேனே, அது இதுதான். அந்த ஃபோனை வாங்கிட்டு வந்தப்ப எல்லாத்தையும் அவரேதான் உக்காந்து போட்டார். சின்ன வயசா இருந்தாத்தான் அந்தப் பூட்டை வைக்க விடுமாம். அதனால நான் பிறந்த வருஷத்தை மாத்திட்டார். இவளுக்கு மூணு வயசு, அந்த அக்கவுண்ட்ல எனக்குப் பத்து. பதிமூணு ஆனா நானே வெளிய வந்துக்கலாம்னு போட்டிருந்துச்சு, படிச்சேன். சரி, அதுவரைக்கும் இருந்துடலாம்னு நானும் இருந்தேன்க்கா.

வருஷத்தை இப்படித் தள்ளிக்கிட்டே போகணுமா? இன்னும் கீழயா? பத்து வயசைத் தாண்டிட்டேன். இன்னும் கீழ. இன்னும். இருங்க, வந்துட்டேன்.