துண்டு இல்லாத யாவாரம்

...இந்த செல்போன கண்டுபுடிச்சவனக்கூட மன்னிச்சு உட்டுருவேன் தம்பி. ஆனா இதுல மூணாவது ஆள சேக்கறதுக்குன்னு ஒரு பட்டன வெச்சான் பாருங்க, அவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா... சரி வுடுங்க. பைய அந்தப் பக்கம் தள்ளி வெச்சுட்டு தாராளமா ஒக்காருங்க. தருமபுரிக்குத்தான? நானும் அங்கதான். மாரண்டஹள்ளில ஏறுனதுலருந்து பாக்கறேன், நீங்களும் போனயே நோண்டிக்கிட்டு வர்றீங்க. அத உள்ள வெய்யுங்க, குடும்பத்த கெடுக்கற சாமான் அது.

நான் குப்புராஜுங்க. மாட்டுத் தரகு. மீச மொளைச்சதுலருந்து இதே தொழிலு. இந்தத் துண்டு எதுக்குன்னு நெனைக்கறீங்க, வேர்வ தொடைக்கவா? இல்லீங்க. சந்தையில விக்கறவன் கைய ஒருக்கா இதுக்குள்ள புடிப்பேன், வாங்கறவன் கைய ஒருக்கா புடிப்பேன். வெரலுதான் வெல பேசும், வாய் பேசாது. இவன் என்ன சொன்னான்னு அவனுக்குத் தெரியாது, அவன் என்ன சொன்னான்னு இவனுக்குத் தெரியாது. ரெண்டும் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தான், அது நானு. ரெண்டு வெலைக்கும் நடுவுல இருக்கற அந்த சந்துலதாங்க எங்க வூட்டு அடுப்பு எரிஞ்சுது. என்ன சிரிக்கறீங்க? அது பொய் இல்லீங்க தம்பி. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்லாம இருக்கறது எப்பிடிங்க பொய்யாவும்?

எல்லாத்துக்கும் காரணம் என் மருமவன். பிரபாகருன்னு, ஓசூர்ல கம்பெனில இருக்காரு. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்தா, கறிச்சோத்துக்கு முன்னாடி ஒக்காந்துக்கிட்டு காதுல எதையோ சொருவிக்கிட்டு, இருங்கன்னு கைய காட்டுவாரு. என்ன மாப்ளன்னா, கால்ல இருக்கேன் மாமாம்பாரு. எங்க சம்சாரம் கொழம்பு ஆறிப்போவுதுன்னு திரும்ப சூடு பண்ணி எடுத்தாந்து பக்கத்துலயே நிப்பா. எனக்கு ஒரு நாளாவது நின்னிருப்பாளா? அந்த வயித்தெரிச்சல்ல அவருகிட்டயே கத்துக்கிட்டேன். ஒருத்தர கூப்புடணும், அவர நிறுத்தி வெச்சுட்டு இன்னொருத்தர கூப்புடணும், ஒரு அமுக்கு அமுக்குனா மூணு பேரும் ஒரே லைன்ல. கான்ஃபரன்ஸ். அன்னிலருந்து எவன் வந்தாலும் நானும் கைய காட்டுவேன், கால்ல இருக்கேன்னு. லைன்ல யாரும் இருக்கமாட்டாங்க, அது வேற கத.

மொத கான்ஃபரன்ஸ் யாருக்குப் போட்டேன்ங்கறீங்க? வத்தல்மலை தீர்த்தகிரி, ஒரு கறவ மாடு விக்கணும்னாரு. தருமபுரில ஆசிம் பாயி, டீக்கடைக்கு சொந்தமா மாடு வேணும்னாரு. எதுக்கு மல ஏறி எறங்கி முட்டி தேயணும், கட்டில்ல ஒக்காந்தே முடிச்சரலாம்னு ரெண்டு பேரயும் சேத்து உட்டேன். உட்டனா... தீர்த்தகிரி கேக்கறாரு, பாய் நீங்க எந்தக் கட, உங்க அப்பா பேரு என்னன்னு. அவரு சொன்னாரு. அட, எங்க அப்பாரு உங்க அப்பா கடைக்குத்தான பாய் மொளகு போட்டாருன்னாரு இவரு. அவ்ளோதான். மொளகு, கல்யாணம், மலேரியாக் காச்சலு, செத்தவங்க, பொழைச்சவங்க... நான் நடுவுல ஹலோ, ஹலோங்கறேன். அண்ணா கொஞ்சம் இருங்க, பேசிக்கிட்டிருக்கோமில்லங்கறாங்க. என் போனு தம்பி. வெச்சுட்டுப் போலாம்னா, நான் வெச்சா அவங்க ரெண்டு பேரும் கட்டாயிருவாங்க. மரியாத இல்லையே. காது சுட்டுப்போயி, இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்கு மாத்தி மாத்தி ஒக்காந்திருக்கேன்.

கடசில விக்கறவரு வெலய கொறைக்க, வாங்கறவரு ஏத்த, நீங்க சொன்னாப் போதும் பாய், இல்ல நீங்க சொல்லுங்கன்னு... சண்டயே இல்லாம ஒரு மாட்டு யாவாரம் முடிஞ்சத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். தரகு கேக்கப் போனா ரெண்டு பேரும் ஒரே மாதிரி கேக்கறாங்க, நீங்க என்னண்ணா பண்ணீங்க, பட்டன்தான அமுக்குனீங்கன்னு. அமுக்குனது வாஸ்தவந்தான.

அதோட போச்சான்னா, கொஞ்ச நாள் கழிச்சு தீர்த்தகிரி போன் பண்றாரு. அண்ணா, அந்த மூணாவது ஆள சேக்கறது எப்பிடின்னு. நான் வெச்சுத் தொலைச்சிருக்கணுமில்ல? பெரிய வாத்தியாராட்டம் ஒவ்வொன்னா சொல்லிக் குடுத்து, எங்க திருப்பிச் சொல்லுங்கன்னு வேற கேட்டேன். இப்ப மலமேல யாவாரமெல்லாம் லைன்லயே முடிஞ்சுருது. செவனேன்னு போன ஓணான புடிச்சு வேட்டிக்குள்ள உட்டுக்கிட்டு குத்துதே கொடயுதேன்னா யாரு என்ன பண்ண முடியும்.

சம்சாரம் கண்டிசனா சொல்லிட்டா. ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு மாடாவது முடிக்கலன்னா, ஓசூர்ல மருமவன் கம்பெனிலயே வாட்ச்மேன் வேலைக்குப் போயிருன்னு. அவரும் பேசி வெச்சிட்டாரு. நெனைச்சுப் பாருங்க, மருமவன் வண்டில உள்ள போவயில மாமனாரு கேட்ட தொறந்து உட்டு சல்யூட் அடிக்கணும். நாண்டுக்கிட்டு செத்துரலாம் அதுக்கு.

அதான் இன்னிக்கு நேர்லயே கெளம்பிட்டேன். ஒரே ஒரு மாடு கையில இருக்குது தம்பி. அதப்பத்தி இன்னும் ஒரு ஈ காக்காய்க்குக்கூட மூச்சு உடல. தருமபுரில ஒரு பார்ட்டி இருக்கு, போனு கீனு ஒன்னும் வேணாம்னு துண்டு போட்டுப் பேசி முடிச்சுட்டுத்தான் வூட்டுக்குத் திரும்பறது. என்னங்க? எத்தனாவது ஈத்தா? ரெண்டாவது ஈத்துங்க. போட்டது கெடாரி, பொட்டக் கன்னு, பொறந்து ஒரு மாசங்கூட ஆவல. சுழியா? ஒடம்புல முடிச் சுழியெல்லாம் சுத்தம், நானே தடவிப் பாத்தேன். ஒதைக்காது, பொம்பளைங்களே கறக்கறாங்க. பரவால்லயே தம்பி, மாட்டுக்காரங்களாட்டம் கேள்வி கேக்கறீங்க.

யாரு மாடா? மாதம்மாள்னு, பஞ்சப்பள்ளி ரோட்டுல பால் சொசைட்டி தாண்டுனதும் இருக்கற வூடு. புள்ளைய காலேஜ்ல சேக்கணும், அதுக்குத்தான் விக்குது, இல்லன்னா இந்த மாட்ட யாரு விப்பா? பாவம், எழுவதாயிரம் கெடைச்சா போதும்னுச்சு. என் பார்ட்டிகிட்ட நான் எம்பதுலருந்துதான் ஆரம்பிக்கப் போறேன். அந்த வெவரம் நம்மகிட்டதான இருக்கு.

ஏங்க தம்பி, உங்களுக்கு போனு நல்லா தெரியுமில்ல? இந்தாங்க, இதுல அந்த கான்ஃபரன்ஸ அடியோட புடுங்கி உட்ருங்க. அது இருந்தா என் கை சும்மா இருக்காது. பாத்துங்க, மொதல்ல மாதம்மாள் மாடுன்னு ஒரு நம்பரு இருக்கும், அத அழிச்சுப்புடாதீங்க. ...என்ன ரொம்ப நேரமா அதயே பாக்கறீங்க? எழுத்து சின்னதா இருக்கா? எனக்கும் கண்ணாடி இல்லாம தெரியாது. ...முடியாதா? எடுக்க வராதா? சரி குடுங்க, என் தலையெழுத்து அப்பிடி.

எங்க எழுந்திரிச்சிட்டீங்க? பாலக்கோடு இன்னும் வரலியே. பின்னாடி சீட்டுக்கா? ஆமாமா, இங்க வெயிலு மூஞ்சிலயே அடிக்குது. போங்க போங்க. நல்ல மனுசன். இத்தன நேரம் ஒருத்தன் பேசறத கேக்கறதுக்கு இந்தக் காலத்துல யாரு இருக்கா.

...ஆங், சொல்லு மாதம்மா. பஸ்ஸுல இருக்கேன். என்னது? மாடு கேட்டு ஒருத்தரு பேசறாரா? உனக்கேவா? ...லைன்லயே இருக்காரா? இப்பவா? சேத்து உடு, சேத்து உடு. அதுக்குத்தான சொல்லிக் குடுத்தேன், எவன் நேரா கேட்டாலும் என்னய உள்ள இழுத்துக்கன்னு.

ஹலோ. யாருங்க பேசறது? எந்த ஊருங்க? ...மாதம்மா, யாரு வூட்டுலம்மா கொழந்த அழுவுது? உன் பக்கம் இல்லியா? ...இங்க என் முன்னாடி சீட்டுலயும் ஒரு கொழந்த அழுவுது. அதே அழுவ.

...ஓ.

என்னம்மா? குப்புராஜண்ணன் எல்லா வெவரமும் சொல்லித்தான் கூப்புடறேங்கறாரா? ...ஆமாம்மா. சொன்னேன். ஒன்னு உடாம சொன்னேன். எழுவதுங்கறது வரைக்கும் சொல்லிட்டேன்... நீ அத உட்டுக் கொறைக்காத, புள்ள பீசு கட்டணுமில்ல. அவரு நல்ல மனுசன்தான், நல்லா காது குடுத்துக் கேப்பாரு. ரெண்டு பேரும் பேசிக்கங்க, நான் வெச்சுடறேன்.

கண்டக்டர், கண்டக்டர். தருமபுரி வேணாங்க, பாலக்கோட்டுலயே எறங்கிக்கறேன். ஓசூர் பஸ்ஸு எந்தப் பக்கங்க நிக்கும்?