காத்தமுத்து பீடிய விட்ட கதை

அட, இந்த ஆளா? செல்போனக் கொஞ்சம் இப்பிடித் திருப்புங்க சார், வெயிலடிக்குது. ம்… மால, பொன்னாட, பீடிய ரெண்டா ஒடச்சுப் புடிச்சிருக்கற போஸு வேற. தெரியுமாவா? நல்லாத் தெரியுமுங்க. காத்தமுத்து. எங்க எஸ்டேட்டு லயன் வீட்டு வரிசதான். தேயில பேக்டரில அடுப்புக்கு வெறகு போடுற ஆளு. அப்ப, அவரு வாய்க்கு வாய் சொல்ற அந்த டிஸ்பென்சரி சாரு நீங்கதானா? பீடி மறக்க வைக்கிறவரு? சரியாப் போச்சு போங்க.

இல்லைங்க, சிரிக்கல. இந்த வளைவுல பஸ்ஸு தூக்கிப் போட்டுச்சு, அதான் மொகம் அப்பிடிப் போச்சு.

கூடலூர் மீட்டிங்குல இவரப் பத்தித்தான் பேசப் போறீங்களா? பேசுங்க, வேண்டாங்கல. ஆனா உங்களுக்குப் பாதிக் கததான் தெரியும். எடம் வர வரைக்கும் மீதிய நான் சொல்றேன், கேட்டுக்கிட்டு வாங்க.

அவருக்கு சம்சாரம் ஒண்ணு இருந்துச்சு, கலைமதின்னு. கொழுந்து பறிக்கப் போகும். லயன்ல ரெண்டே ரூமு, காம்பராம்போம். பனிக்கு ஜன்னலத் தெறக்க முடியாது, அதுக்குள்ளதான் இந்த ஆளு பீடி. சோறு தின்ன தட்டுல சாம்பல். டீ குடிச்ச கிளாஸுல துண்டு பீடி மெதக்கும். தலகாணி நாறும், போர்வ நாறும். கட்டிலுக்கு அடியில ஒரு டப்பா, காரிக் காரித் துப்ப. அத யாரு கழுவுறது? அந்தப் பொண்ணுதான். ச்சீ!

ஆனா பேக்டரிக்குள்ள பீடி பத்த வைக்கக் கூடாது, தெரியுமில்ல? தேயில எந்த வாசத்தையும் இழுத்துக்கும், சரக்கே நாறிப்போயிரும். ஷிப்டு முடியிற வரைக்கும் இவரு பாக்கெட்டுல கைய வைக்க மாட்டாரு. வீட்டுக்குள்ள கால வச்சதும் பத்த வைப்பாரு. தேயிலைக்குக் குடுத்த மரியாதயப் பொண்டாட்டிக்குக் குடுக்கல.

கலைமதிக்கு இருமல் வந்துச்சு. எஸ்டேட் மருந்துக்கு அடங்கல. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா, டாக்டர் மொதக் கேள்வியா, ஏம்மா, பீடி சிகரெட்டுப் பழக்கம் உண்டான்னு கேட்டாரு. அது சிரிச்சிருச்சு. சிரிப்பு இருமலாகி, நர்ஸு வந்து முதுகத் தடவிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. நுரையீரல் ரெண்டும் கெட்டிருந்துச்சுங்க. இனிமே வீட்டுல பொகயே ஆகாதுன்னு டாக்டர் இந்த ஆளப் பாத்துச் சொன்னாரு. இவரும் பெருசாத் தலைய ஆட்டுனாரு. ஊருக்கு வந்து என்ன பண்ணுனாரு தெரியுங்களா? வாசப்படியில உக்காந்து குடிச்சாரு. காத்து உள்ள அடிக்குது, பொக நேரா கட்டிலுக்குப் போகுது. கேட்டா, ரத்தத்துல ஊறுனது, விட்டா செத்துருவேன்னாரு. அதுல பாருங்க, கலைமதியே அவருக்குப் பரிஞ்சு பேசும். பாவம்டி, அவரால முடியாது, முடிஞ்சா விட மாட்டாரான்னு தங்கச்சிகிட்ட சொல்லும்.

ஆமாங்க, தங்கச்சி ஒருத்தி உண்டு. சரிதா. திருப்பூர்ல பனியன் கம்பெனில தச்சுக்கிட்டிருந்தவ. அக்காவப் பாத்துக்க லீவு சொல்லிட்டு வந்தவளுக்குத் திரும்பிப் போக முடியல. அந்த டப்பாவக் கழுவுற வேல அவளுக்கு வந்து சேந்துச்சு.

ஆடி மழையில கலைமதி போய்ச் சேந்துருச்சு. நடு வீட்டுல படுக்க வச்சு, தலமாட்டுல வெளக்கேத்தி வச்சிருந்தாங்க. காத்தமுத்து எந்திரிச்சு வந்தாரு. அழுதுக்கிட்டுத்தான் வந்தாரு, அத இல்லேங்கல. தீப்பெட்டி நமுத்துப் போச்சு போல. குனிஞ்சாரு. அந்த வெளக்குலயே பீடியக் காட்டிப் பத்த வச்சு, ஒரு இழுப்பு இழுத்துட்டு வெளிய போனாரு.

நம்ப முடியலையில்ல? அங்க இருந்தவங்க அவருக்கு ஒதுங்கி வழி விட்டாங்க. ஆம்பளைக்கு அது ஒரு ஆறுதலாம். அந்தப் பொக செத்தவ மூஞ்சி மேல படிஞ்சு போனதக் கால்மாட்டுல உக்காந்திருந்த சரிதா பாத்தா. எந்திரிச்சுப் பொறக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்தா. அதுக்கப்புறம் அந்த ஆள நிமிந்து பாத்துப் பேசுனதில்ல.

இனிமேத்தான் நீங்க கேக்கணும். பதினாறாம் நாள் முடிஞ்சதும் சொந்தக்காரங்க கூடி உக்காந்து, சரிதாவையே காத்தமுத்துக்குக் கட்டிரலாம்னு பேசிட்டாங்க. ஏன்னா, சரிதாவோட அம்மா கருப்பம்மா ரிட்டையர் ஆயிருச்சு. எஸ்டேட் வீட்டக் காலி பண்ணிட்டு மருமகன் வீட்டுலதான் கெடக்கு. அவரு வேற எடத்துல பொண்ணு கட்டிட்டா அந்தம்மா எங்க போகும்? மக சம்மதிக்கணும்னு சாப்புடாம சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிச்சு. மாட்டேன்னு சொல்ல சரிதாவுக்கு வாய் வரல. அதனால எல்லார் முன்னாலயும் ஒண்ணு சொன்னா. தை பொறக்கற வரைக்கும் அவரு ஒரு பீடிகூடத் தொடாம இருக்கட்டும், அப்பக் கட்டிக்கறேன்னு. விட்டா செத்துருவேன்னு சொன்ன மனுசன். எங்க விடப் போறாருங்கற நம்பிக்கைலதான் சொன்னா. மாட்டேங்கறத அவ வேற எப்பிடிச் சொல்லுவா, நீங்களே சொல்லுங்க.

ஆனா லயனே திரண்டு வந்துருச்சு சார். லயன் முக்குல இருக்கற விமல் கடையில அவருக்குப் பீடி கெடையாது, கேட்டா கடல மிட்டாய்தான்னு பேசி வச்சாங்க. கொழுந்துக்குப் போற பொம்பளைங்க முந்தானையில கிராம்பு முடிஞ்சு வந்து குடுத்தாங்க. கூட வேல செய்யுற ஜாபேஸு, அவனே பெரிய பீடிக்காரன், உனக்காக நானும் விடறேண்ணேன்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணுனான். வாட்ஸப்புல இவருக்குன்னு ஒரு குரூப்பு. விடிஞ்சா சிங்கப் படம், மறுபடி தொட்டுறாதீங்கண்ணே, பொண்ணு காத்திருக்குன்னு. அப்புறம் நீங்க வந்தீங்க, அந்த மெல்லுற மருந்த எடுத்துக்கிட்டு. மென்னு மென்னு ஜன்னல் கட்டையில ஒட்டி வைப்பாரு, பல்லுத் தடத்தோட, எச்சிலோட. தூ! அதையும் அவதான் சொரண்டி எடுத்தா.

உங்களக் கொற சொல்லலைங்க. உங்க வேலய நீங்க பண்ணுனீங்க. கலைமதி இருமிக்கிட்டுக் கெடந்தப்ப இதே லயன்தான், இதே ஜனந்தான். ஒருத்தரும் வந்து விடுய்யான்னு சொல்லல. அததான் சொல்றேன்.

கார்த்திகையில சரிதா ஒரு காரியம் பண்ணுனா. பந்தலூர் பஜாருக்குப் போயி ஒரு கட்டு பீடி வாங்குனா. கடைக்காரன் அவள மேலயும் கீழயும் பாத்தானாம். கொண்டாந்து அந்த ஆளு கோட்டுப் பாக்கெட்டுல வச்சுட்டா. மறுநா பேய் மழ. வேலைக்குப் போக முடியல. இவரு குளுருக்குக் கோட்ட மாட்டிக்கிட்டுப் பாக்கெட்டுல கைய விட்டாரு. கட்டு தட்டுப்பட்டுச்சு. வெளிய எடுத்து, கண்ண மூடிக்கிட்டு மோந்து பாத்தாரு. வாயோரத்துல எச்சி ஊறுது. அடுப்படியில நின்னுக்கிட்டு சரிதா, குடிச்சிரு, ஒண்ணே ஒண்ணு குடிச்சிருன்னு உள்ளுக்குள்ள கெஞ்சறா.

குடிக்கல. கட்டோட தூக்கிட்டுப் போயி, லயன் வாசல்ல நின்னு எல்லாரையும் கூப்புட்டு, சேத்துல போட்டு மிதிச்சாரு. என்ன கைதட்டல்ங்கறீங்க! கருப்பம்மா கண்ணத் தொடச்சுக்கிச்சு.

நல்ல விசயந்தானேங்கறீங்க. இருக்கட்டும். ஆனா ஒண்ணு யோசிங்க சார். இவரால முடியாது, பாவம்னு நெனச்ச வரைக்கும் சரிதா மனசுல ஒரு மூலையில அவர மன்னிச்சுத்தான் வச்சிருந்தா. அக்கா பேச்ச நம்பிக்கிட்டு. முடியும்னு காட்டிட்டாரு பாருங்க, அதத்தான் தாங்க முடியல. புதுசா ஒருத்தி கெடைப்பான்னதும் முடிஞ்சுது. பக்கத்துல படுத்துக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சவளுக்காக முடியல. அவரு பீடி தொடாத ஒவ்வொரு நாளும் அவளுக்கு அக்கா செத்த நாளுதான். இப்ப அவருகிட்டப் பீடி நாத்தம் இல்ல. பவுடர் போட்டுக்கறாரு, கிராம்பு மெல்லுறாரு. பக்கத்துல வந்து, இப்ப வாசமா இருக்கா பாருன்னு மூஞ்சிகிட்ட ஊதிக் காட்டுறாரு. அந்த நாத்தமே தேவலன்னு ஆயிருச்சு.

ஆமா, வர்ற ஞாயித்துக்கெழம கல்யாணம். மாரியம்மன் கோயில்ல. உங்களுக்கும் பத்திரிகை வச்சாச்சா? நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்னாரா? போயிட்டு வாங்க. பந்தல் போட்டாச்சு, சாப்பாடும் நல்லாருக்கும். பொண்ணுதான் இருக்காது.

கூடலூர் வந்துருச்சு பாருங்க, எந்திரிங்க. உங்க பைய நான் எடுத்துத் தரேன். இல்லைங்க, நான் எறங்கல. கோயம்புத்தூர் போயி, அங்கேர்ந்து திருப்பூரு. ஜெஸிந்தான்னு பழைய கூட்டாளி, அதே கம்பெனில வேல சொல்லி வச்சிருக்கா, ரூமும் பாத்துட்டா. வீட்டுல, கண்ணாடி வளையல் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனேன்.

ம்? ஆமாங்க, நான்தான். ஞாயித்துக்கெழம போனீங்கன்னா எங்கம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க. துணிமணிய எடுத்துக் கட்டி வச்சுக்கச் சொல்லுங்க, சீக்கிரம் வந்து கூட்டிக்கறேன். பாத்து எறங்குங்க சார், படி வழுக்கும்.