அந்தக் கிண்ணத்த எடுக்காதீங்க

வேணாம்மா, கைய எடுங்க முதல்ல. என்னுதும் வேணாம், அவருதும் வேணாம். ரெண்டு கிண்ணமும் அப்படியே இருக்கட்டும். நீங்க புதுசா கொண்டு வந்த ரெண்டையும் அந்த மனுஷன் திரும்பிப் பாக்குறதுக்குள்ள உள்ள கொண்டு போயிடுங்க.

மசாலாவே போடலையா? அது தெரியுமே. முதல் வாயிலயே தெரிஞ்சுபோச்சு. கிண்ணத்து அடியில ஏதோ விழுது வைப்பீங்க, எலும்புச் சாறு ஊத்துவீங்க, அப்புறம்தான் நூடுல்ஸா? நல்லது. எங்களுக்கு விழுதும் இல்ல, சாறும் இல்ல, நூடுல்ஸ் வெந்த தண்ணியவே ஊத்தி அனுப்பிட்டாங்க. மேல நாலு வெங்காயத்தாள் மிதக்குது. பாக்க ரொம்ப லட்சணமாத்தான் இருந்துச்சும்மா, குறை சொல்லக்கூடாது.

ஐயையோ, மாஸ்டரெல்லாம் வந்து மன்னிப்புக் கேக்க வேணாம். காரியமே கெட்டுச்சு போங்க. சூப்பர்வைசர் நீங்க ஒருத்தர் வந்ததே அதிகம். கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, எனக்கு அவர் தெரியணும். அதோ, சமையல்கட்டுக் கண்ணாடிகிட்ட கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கிறாரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். உங்க மாஸ்டர் மாவ இழுத்து இழுத்துக் கயிறாட்டம் ஆடுறதப் பாத்துட்டு வந்துடறேன்னு பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போயிருக்கார். வந்து மிச்சத்தச் சாப்பிடுவார்.

அவர் யாருன்னு தெரியாம வந்து நிக்கிறீங்க. சூப் தூள், சாஸ் எல்லாம் பண்ற கம்பெனியில ருசி பாக்குறதுதான் அவர் வேலை. சிரிக்காதீங்க, நிஜமாவே அப்படி ஒரு வேலை இருக்கு. ஒரு ஸ்பூன் எடுத்து நாக்குல வச்சு, கண்ண மூடி, இது போகலாம், இது போகக்கூடாதுன்னு சொல்லணும். இவர் தலையாட்டினாத்தான் லாரி கிளம்பும். காலம் பூரா நான் சமைக்கிறேன், எனக்குச் சம்பளம் இல்ல. அவர் சாப்பிடுறார், அவருக்குச் சம்பளம். உலகம் எவ்வளவு நியாயமா ஓடுது பாருங்க.

அந்த உத்தியோகத்த ஆபீசோட விட்டுட்டு வருவாரான்னா, அதான் கிடையாது. கல்யாணம் ஆன புதுசுல, நான் போட்ட முதல் காப்பிய ஒரு வாய் குடிச்சார். நானும் புதுப்பொண்ணு, என்ன சொல்லப்போறாரோன்னு வெக்கத்தோட நிக்கிறேன். பால் நேத்துதுன்னார். அவ்வளவுதான் எங்க காதல் வசனம்.

அன்னிலேருந்து தினமும் தீர்ப்புதான். வெங்காயத்த அவசரமா வதக்கியிருக்க. உப்ப ரெண்டு தடவையாப் போட்டிருக்க. மிளகு தூக்கல், என் மேல என்ன கோவம்? ஆமாம்மா, என் கோவத்தக்கூட நாக்காலதான் கண்டுபிடிப்பார். எதிர்ல உக்காந்திருக்காளே, மூஞ்சிய ஒரு தடவ நிமிர்ந்து பாப்போம்னு தோணவே தோணாது. தட்டுல குனிஞ்சா குனிஞ்சதுதான். எங்க பொண்ணு அப்பாவுக்குப் பயந்தே சமையல் கத்துக்கல. என் தங்கச்சி, இவர் வர்றார்னு தெரிஞ்சா அன்னிக்கு வெளியூர் போயிடுவா.

ஹோட்டல்லயா? அந்தக் கூத்தும் நடந்திருக்கு. ஒரு இடத்துல மாஸ்டரக் கூப்பிட்டு, எண்ணெய் பழசுன்னார். அந்த ஆளும் ரோஷக்காரன், தொப்பியக் கழட்டி மேசை மேல வச்சுட்டு, அப்ப நீங்களே வந்து சமைங்க சார்னுட்டான். இவர் எந்திரிச்சு உள்ள போயிட்டாரும்மா! நான் தனியா உக்காந்து டம்ளர் டம்ளரா தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன், பக்கத்து மேசைக்காரங்க எனக்கு ஆறுதல் சொல்றாங்க.

அப்படிப்பட்டவர், இந்தக் கடைக்குப் போலாமான்னு அவரே கேட்டார். எனக்கென்ன தலையெழுத்தா, இந்த இருட்டுல வந்து முதுகு சாயக்கூட வழியில்லாத ஸ்டூல்ல உக்கார? மெனு கேட்டா போன்ல பாருங்கங்கறீங்க. போன்ல பாத்தா நூல் மாதிரி, ரிப்பன் மாதிரி, பெல்ட் மாதிரின்னு நூடுல்ஸ அகலம் அகலமா போட்டிருக்கு. ஜவுளிக்கடைக்குள்ள நுழைஞ்சுட்டமோன்னு பாத்தேன். அவர் பெல்ட்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னார்.

என்ன முழிக்கிறீங்க? ஆமா, உங்க சர்வர்கிட்ட சூப் பிரமாதம்னு சொன்னவர் அவரேதான். அவ்வளவு பெரிய நாக்குக்காரர் வெறும் தண்ணியக் குடிச்சுட்டு எப்படி அப்படிச் சொன்னார்னு கேக்குறீங்க. கேப்பீங்க. நானும் அதுக்குத்தான் வர்றேன்.

மழைக்காலத்துல அவருக்கு ஒரு காய்ச்சல் வந்துது. எல்லாருக்கும் வர்றதுதான், வந்துது, போச்சு. அதுக்கப்புறம் ஒருநாள் சாப்பிட்டுட்டு, நல்லாருக்குன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. மறுநாளும் நல்லாருக்கு. அதுக்கு மறுநாளும். தினம் குறை சொல்ற புருஷன் திடீர்னு பொண்டாட்டியப் புகழ்ந்தா என்ன அர்த்தம்? சட்டைப் பையெல்லாம் துழாவிட்டேன். எவளோட கைக்குட்டையோ கிடைக்கும்னு பாத்தா இருமல் மாத்திரை கிடைச்சுது. சரி, கடவுளாப் பாத்து மனுஷனத் திருத்திட்டார்னு தங்கச்சிக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பெருமை அடிச்சேன். சந்தோஷமா இருந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்?

அப்புறம் ஒருநாள் அடுப்புல பால வச்சுட்டுக் குளிக்கப் போயிட்டேன். பால் அடிபிடிச்சுக் கருகி, வாசப்படி வரைக்கும் நாத்தம். ஈரத்தலையோட ஓடி வந்து பாத்தா, அடுப்புக்குப் பக்கத்துல முதுகு காட்டி உக்காந்து நிம்மதியா பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். பால் நேத்துதுன்னு சொன்ன மனுஷன்மா அது.

அன்னிக்குக் காய வெறுமன வேக வச்சு, உப்புகூடப் போடாம முன்னாடி வச்சேன். வாயில போட்டார், மென்னார். மென்னுக்கிட்டே நிமிர்ந்து என் மூஞ்சியப் பாத்தார். நான் சிரிச்சேன். ரொம்ப நல்லாருக்குன்னார். மறுநாளும் அதே காய், அதே மாதிரி. ஆனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன். இன்னிக்கு ஏதோ கொஞ்சம் குறையுதேங்கறார். புரியுதா? வாசனையும் இல்ல, ருசியும் இல்ல, எல்லாம் போச்சு. காலமெல்லாம் என்னை ஏறிட்டுப் பாக்காத மனுஷன், இப்ப வேளாவேளைக்கு என் மூஞ்சியப் பாத்துத்தான் சாப்பிடுறார். எனக்குக் கிடைச்ச யோகத்தப் பாருங்க.

ஆபீஸ்லயா? அங்கயும் அப்படித்தான் ஓட்டுறார்னு நினைக்கிறேன். கூட ருசி பாக்குற பொண்ணு ஒண்ணு இருக்கு. அவ மூஞ்சி கண்ணாடிம்மா, மனசுல இருக்கறது அப்படியே தெரியும்னு அடிக்கடி புகழ்றார். அப்ப அவ மூஞ்சிலதான் லாரி கிளம்புதுபோல. இனிமே நீங்க கடையில வாங்குற சூப் தூள் சரியில்லன்னா எங்களத் திட்டாதீங்க.

நானே கேட்டுடலாம்தான். கேட்டா என்ன சொல்லுவார்? அந்த நாக்க எடுத்துட்டா, தான் யாருன்னு அவருக்கே தெரியாதும்மா. சொல்லிக்கத் தெரியாம பூட்டி வச்சிருக்கார். ஓய்வு பெறப் போற நேரம், தலை நிமிர்ந்து வெளிய வரட்டுமே. ஒரு நாள் அவரா சொல்லுவார். அதுவரைக்கும் திட்டு வாங்காம சாப்பாடு போடுறேன், அதுதான் தாங்கல. உப்பு கம்மின்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரான்னு இருக்கு.

இந்தக் கடைய ஏன் கேட்டார்னு இங்க வந்தப்புறம்தான் எனக்கு வெளங்குச்சு. இது பல்லால சாப்பிடுறது. இழுக்குது, வழுக்குது, உறிஞ்சினா சத்தம் வருது. உங்க பெல்ட்ட மெல்லும்போது ஒரு தடவ கண்ண மூடினாரும்மா. அது நடிப்பில்ல, எனக்குத் தெரியும்.

ஆனா சூப்பு? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஸ்பூன எடுத்தோம். எனக்கு வெறும் தண்ணி. அவர் என்னையே பாக்குறார். நான் மூஞ்சியச் சுளிச்சிருந்தா, உடனே உங்க ஆளக் கூப்பிட்டு, உப்பு ஜாஸ்தின்னு அடிச்சு விட்டிருப்பார். இத்தன பேர் முன்னாடி, உப்பே போடாத சூப்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்லி அந்த மனுஷன் மாட்டிக்கிறத நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா? அதான் கண்ண மூடி, ஆஹான்னேன். அப்படியே மலர்ந்துபோயிட்டார். இப்ப நீங்க வந்து மசாலா போடலன்னு சொன்னா, எனக்கு எல்லாம் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் யார் மூஞ்சிய நம்பி ஒரு வாய் சாப்பிடுவார்?

திரும்பிட்டார், வர்றார். அந்தப் புதுக் கிண்ணம் வச்ச தட்ட எடுத்துக்கோங்க, கேட்டா வேற மேசைக்குன்னு சொல்லிக்கலாம். ஐயோ, என்ன மூஞ்சி இது, பரிதாபம் வழியுது! தொடைங்க, தொடைச்சுட்டுச் சிரிங்க. வந்ததும் அவர் முதல்ல பாக்கப்போறது உங்க மூஞ்சியத்தான்.

வாங்க, வாங்க. ஆறிடப்போகுது, உக்காருங்க. இந்தப் பொண்ணு சூப் எப்படி இருக்குன்னு கேக்க வந்துச்சுங்க. எனக்கென்ன தெரியும், அவர் நாக்கு சொன்னாத்தான் சரியா இருக்கும்னு நிறுத்தி வச்சிருக்கேன். நீங்களே சொல்லுங்க.