அருண்ராஜ் தேர்ந்தெடுக்க வேண்டிய சொல்

டீயில் இஞ்சி கொஞ்சம் தூக்கலாகிவிட்டது, ஜெய் தம்பி. மன்னித்துக்கொள்ளுங்கள். போலீஸ்காரர் ஒருவர் வீடு தேடி வந்தால் யாருக்குத்தான் அளவு நினைவிருக்கும்? குடித்துக்கொண்டே கேளுங்கள். அருண்ராஜ் அசந்து தூங்குகிறார், அதனால் நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

கீழே இருக்கும் அத்தர் கடை என் வாப்பாவுடையது. அவர் மௌத்தான பிறகு கடையை வாடகைக்கு விட்டுவிட்டு, டன்லப் தெருவைப் பார்த்த இந்த மாடியை மட்டும் எனக்கு வைத்துக்கொண்டேன். ஒசாகாவில் படித்தவள் நான். ஆங்கிலத்திலிருந்து ஜப்பானிய மொழிக்குப் பெயர்ப்பது என் பிழைப்பு. அதில் ஒரு முறை உண்டு. ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், எழுதிக் கொடுத்தவரிடம் கேட்கவேண்டும். அவர் பதில் சொல்லும்வரை அந்த இடத்தைத் தொடக்கூடாது. இந்த முனீரா தொட்டதில்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இங்கே வந்து தங்கும் ஜப்பானிய முதியவர்களுக்காக ஒரு விடுதி கட்டுகிறார்கள். அதன் விளம்பரப் புத்தகத்தை மொழிபெயர்க்கச் சொல்லி, கம்பெனி சார்பில் எனக்கு அனுப்பியவர் அருண்ராஜ். கோயம்புத்தூர்ப் பிள்ளை, இப்போது இந்த ஊரிலேயே புக்கிட் மேராவில் குடியிருப்பவர், மரியாதை தெரிந்தவர். அட்டையில் இரண்டே சொல்: வீ கேர். வயதானவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டினால் ஜப்பானிய மொழியில் அது கைகோ. அன்றாடம் கவனித்துக்கொண்டால் செவா. ஒருவரை நினைத்து மனம் அடித்துக்கொண்டால் ஷின்பாய். ஆபத்து வராமல் காத்தால் யோஜின். எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். கடைசியில் போனில் சிரித்தார்.

"எல்லாமே ஒண்ணுதான் லா, மேடம். உங்களுக்குத் தோணுறதைப் போடுங்க."

எனக்குத் தோன்றுவதைப் போட நான் யார்? நேரில் வாருங்கள், அகராதியைக் காட்டுகிறேன் என்றேன். வந்தார். வாப்பா அத்தர்ப் பெட்டிகளை அடுக்கிவைத்த அந்த உள்ளறையில்தான் என் அகராதிகள் இருக்கின்றன. அவர் உள்ளே போனதும் கதவைச் சாத்தினேன். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததும் திறப்பதாகச் சொன்னேன். இதில் என்ன தப்பு? வேலை முடியாமல் எழுந்து போகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

தம்பி, அகராதியைப் படித்து ஒரு சொல்லின் எடை தெரியாது. அனுபவிக்கவேண்டும். அதனால் முதலில் கைகோ. நல்ல கை இருக்கிறவருக்கு ஊட்டினால் அது கைகோ ஆகாது என்பதால் கையைக் கட்டினேன். வாப்பாவின் பழைய வேட்டிதான், உறுத்தாது. நோன்புக் கஞ்சி காய்ச்சி ஊட்டி, வாய் துடைத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எத்தனை நாளாயிற்று, இந்த வீட்டில் ஒருவருக்குச் சோறு ஊட்டி!

"இதான் மேடம், இதையே போடுங்க," என்றார்.

நானும் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மற்றதைப் பார்க்காமல் முதலில் வந்ததைப் பிடித்துக்கொள்வது நியாயமா? செவாவுக்காகத் துணி துவைத்து, தலைக்கு எண்ணெய் வைத்தேன். யோஜினுக்காக ஜன்னலுக்குக் கம்பி போட்டேன். ஷின்பாய்தான் சிரமம். அவர் மனைவியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்று அவரிடம் சொல்லிவைத்தேன். இரண்டு நாள் சாப்பிடவே இல்லை, பாவம். ஒவ்வொன்றுக்கும் "இதான் மேடம்" என்றே அழுதார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவரின் பேச்சை எப்படி நம்புவது?

அவர் மனைவி ரஞ்சிதத்திடமிருந்து தகவல் வராமல் இல்லை. அருண்ராஜின் போன் என்னிடம் இருந்தது. எல்லை தாண்டி ஜொகூரில் வேலை, வர நாளாகும் என்று அவர் பெயரில் நானே பதில் போட்டேன். நிறைமாதக்காரி, மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா என்று விசாரித்தேன். அந்தப் பெண் இங்கேயே தேடி வந்துவிட்டாள்.

"அக்கா, அவரு கடைசியா உங்களப் பாக்கத்தான் வந்தாரு. இப்ப மெசேஜ் மட்டும் வருது, பேச மாட்டேங்கிறாரு. அது அவரே இல்லக்கா. சாப்பிட்டியான்னு என்னை ஒரு நாளும் கேட்டதில்ல."

இந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்து அழுதாள். அந்தப் பக்கம் அவர் கதவைத் தட்டினார். கீழே கடைக்காரர் பெட்டி இறக்குகிறார் என்று சொல்லி, பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பினேன். புருஷனைவிட நான்தான் அவளை நன்றாக விசாரிக்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

நீங்கள் நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தீர்கள். எங்கே அருண்ராஜ் என்று கேட்டீர்கள், உள்ளே தூங்குகிறார் என்று உள்ளதைச் சொன்னேன். நடந்ததையும் கொஞ்சம் சொன்னேன். அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா?

"ஆண்ட்டி, அந்த புக் போன வாரமே பிரின்ட் ஆயிடுச்சு. கம்பெனி வேற ஆளை வெச்சு முடிச்சிட்டாங்க."

எந்தச் சொல்லைப் போட்டார்கள் என்று கேட்டேன்.

"ஏதோ ஒண்ணு போட்டிருப்பாங்க ஆண்ட்டி. இதுல என்ன இருக்கு?"

அதைச் சொல்லிவிட்டு, போனை மேசையில் வைத்துவிட்டு, டீக்கோப்பையோடு எட்டிப் பார்க்க உள்ளே போனீர்கள்.

கைப்பிடியைத் திருகாதீர்கள் தம்பி, தாழ்ப்பாள் என் பக்கம்தான் இருக்கிறது. அவர் விழித்துக்கொள்வார். இரண்டு பேராக உட்கார்ந்து யோசித்தால் சீக்கிரம் முடிவுக்கு வந்துவிடலாம். ராத்திரிக்கு இடியாப்பம் செய்கிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புத்தகம் அச்சாகிவிட்டதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பாவம், கவலைப்படுவார்.