மனைவியின் கையில் கொடி கொடுத்த கொடியக்காவுக்கு

கனிவே கவசமாய், கடமையே காவலாய், கண்ணீர் வீடுகளின் கதவுகளைக் காலோசை கேளாமல் கடந்து வந்த எங்கள் சார்ஜென்ட் அம்மையே! ஊருக்கு நீங்கள் சார்ஜென்ட். எங்கள் வாய்க்கு என்றும் கொடியக்கா!

வணக்கம்.

இராணுவத்தின் இறுதி மரியாதைப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி இன்று விடைபெறுகிறீர்கள். வீரரின் சவப்பெட்டியைச் சுமக்க ஆண்கள். அதன்மேல் விரிக்கும் கொடிக்கு இஸ்திரி போட நீங்கள். அப்படித்தான் உங்களைச் சேர்த்தார்கள். "பொம்பளை வந்தா ஒப்பாரிதான்" என்று கேலி பேசியவர்கள் உண்டு. அழுதவர்கள் நாங்கள்; தண்ணீர் கொடுத்துத் தேற்றியவர் நீங்கள்.

மடித்த கொடியை வீட்டின் மூத்த ஆணிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது நம் பிரிவின் விதி. தாய்நாடு என்று வாய் நிறையப் பாடுகிறோம். அந்த நாட்டின் கொடியைத் தாயிடமோ தாரத்திடமோ கொடுக்க விதியில் ஒரு வரி இல்லை.

அந்த மாடி வீட்டை மறக்க முடியுமா? அதிகாரி வராததால் கொடி உங்கள் கையில் இருந்தது. வீரரின் சித்தப்பா கை நீட்டினார். வீரரின் மனைவியோ, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தபடி சமையலறை வாசலில் நின்றார். நீங்கள் சித்தப்பாவைத் தாண்டி நடந்தீர்கள்.

"ஏம்மா, ஆம்பளைங்க இத்தனை பேர் நிக்கிறோம், கண்ணு தெரியலயா?" என்றார் அவர்.

"தெரியுதுங்க. உங்களுக்கெல்லாம் தண்ணி குடுக்கிறாங்களே, அவங்க வீட்டுக்காரர்தாங்க பெட்டியில இருக்காரு."

அந்தப் பெண் ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு கொடியை வாங்கினார். உங்கள் பதவி உயர்வு அத்தோடு நின்றது. விதியை மாற்றச் சொல்லி எழுதிய மனுக்களுக்கெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில். விதிக்கு வயதாகவில்லை அக்கா. நமக்குத்தான் ஆகிவிட்டது.

அதன்பின் ஒவ்வொரு வீட்டிலும், சடங்கு தொடங்குமுன், மூத்தவர் பக்கத்தில் போய் உட்காருவீர்கள். "ஐயா, நீங்களே வாங்குங்க. வாங்கி, அந்தப் பொண்ணு கையில ஒரு நிமிஷம் குடுங்க." பலர் கொடுத்தார்கள். சிலர் முறைத்தார்கள். "எங்க வீட்டுக்குள்ள வந்து நாட்டாமை பண்றியா?" என்று ஒருவர் விரட்டியே விட்டார். நீங்கள் அடுத்த வீட்டிலும் கேட்டீர்கள். பெரிய மாற்றங்களை இறைவன் யாரைக் கொண்டு செய்வாரோ அறியோம். இந்தச் சின்ன இரக்கத்தை உங்களைக் கொண்டு செய்தார்.

நாளை மீண்டும் ஒரு வீடு. விதி அதேதான். இனி யார் போய்க் கேட்பது என்று நேற்று எங்களுக்குள் பேச்சு வந்தது. கடைசியில், பெட்டி சுமக்கும் நம் குண்டண்ணன்தான் சொன்னார்: "நான் கேக்குறேன்பா. அக்கா மாதிரி பதமா வராது. திட்டினா வாங்கிக்கிறேன்."

நோயற்ற உடலும் நிம்மதியான உறக்கமும் நெடிய ஆயுளும் இறைவன் உங்களுக்கு அருளட்டும்! நாளை மதியம் தொலைபேசி அடித்தால் பதற வேண்டாம் அக்கா. "கேட்டுட்டோம்" என்று சொல்லத்தான் கூப்பிடுவோம்.

என்றும் உங்கள் அன்பில்,
இறுதி மரியாதைப் பிரிவினர்