தாடைக்கட்டு

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அரிசி மில், இரண்டு லாரி, மாடி வீடு எல்லாம் யார் தயவுமில்லாமல் நானே உண்டாக்கியவை. அப்படிப்பட்டவன் கும்பகோணம் பஸ்ஸில் வாய் திறக்காமல் வந்தேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்ததுதான் காரணம்.

"செத்தவனுக்குக் கட்டுற மாதிரி வாயைக் கட்டுறியேன்னு கேக்குறாருக்கா எங்க வீட்டுக்காரரு," என்றாள் இளையவள். "நுரையீரல் கெட்டுப்போச்சுல்ல, துபாய்லேருந்து மவன் மெஷின் அனுப்புனான். மூக்குல மாஸ்க் மாட்டுனா அதுவே காத்தை உள்ள தள்ளும். தூக்கத்துல வாய் தொறந்துட்டா அம்புட்டும் வெளிய போயிடுது. அதான் தாடையில பட்டை கட்டச் சொன்னாரு டாக்டரு."

"கட்டலைன்னா?"

"அடுத்த தடவை மூச்சு முட்டுனா தொண்டையில குழாய்தான்னுட்டாங்க."

"என்னடி பண்ணுனே?"

"நேத்து நானும் ஒரு துண்டால தாடையைக் கட்டிக்கிட்டு பக்கத்துல படுத்தேன். சிரிச்சிட்டாரு. கட்ட விட்டாரு."

"ராவு பூரா பேசாம கெடந்தியா? நீயா?"

இளையவள் சிரிக்கவில்லை. "காலைல அவரு கண்ணு முழிக்கிற வரைக்கும் அவுக்கலைக்கா."

இருவரும் திருவிடைமருதூரில் இறங்கிப் போனார்கள். இதைப் படித்து உங்கள் வீட்டில் ஒருவர் பட்டை கட்டச் சம்மதித்தால், யோசனை அந்த இளைய அம்மாளுடையது. உங்கள் காதில் போட்டவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.